முகப்பு ரட்சகரும் பொ.க.வும்

கட்டடம் கட்டுகிறவர்கள் உண்டு. இடிக்கிறவர்கள் உண்டு. இரண்டையும் வேலி இடுக்கு வழியாக வாய் பிளந்து பார்த்துக்கொண்டு, வேலைக்குத் தாமதமாகப் போகிறவர்கள் உண்டு. இந்த மூன்று பெட்டியிலும் அடங்காத நாலாவது பிராணி ஒன்று இருக்கிறது. முகப்பு ரட்சகர் என்பது அதன் பெயர்.

இவர் என்ன செய்வார்? நூறு வருஷத்துக் கட்டடம் ஒன்றைப் பிடிப்பார். அதன் மாடிப்படி, கூடம், தூண், உத்தரம், ஓடு, தரைக்கல், கைப்பிடியில் நாலு தலைமுறைக் கைகள் தேய்த்த வழவழப்பு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வழியனுப்பிவிட்டு, தெருவைப் பார்த்த ஒரே ஒரு சுவரை மட்டும் இரும்பு முட்டுக் கொடுத்து நிற்கவைத்து, அதன் முதுகில் முப்பத்தெட்டு மாடிக்குக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று முளைத்ததும், எதிர்ச்சாரியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காப்பாத்திட்டோம்!" என்பார்.

கோழியை அறுத்துவிட்டுக் கொண்டையைக் காப்பாற்றிய மாதிரி.

இவரைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை வேண்டாம். நடைபாதையில் பத்துப் பேர் வழியை மறித்துக்கொண்டு, இரண்டு கை விரல்களையும் கோத்துச் சதுரம் பண்ணி, ஒரு கண்ணை மூடி, அந்தச் சதுரத்துக்குள் ஒரு சுவரை யார் அடைக்கப் பார்க்கிறாரோ அவர்தான். பஸ் ஹாரன் அடித்தாலும் நகரமாட்டார். தன் சுவருக்கு முன்னால் வந்து நின்ற குற்றத்துக்காகப் பஸ்ஸை முறைப்பார். சுவரைத் தொடும்போது, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி புறங்கையால் தொடுவார். சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எந்த ஊரில் இருந்தார் என்று அவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நம் கையில் சிக்கிய உருப்படிக்கு 'ஒத்திசைவு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவருக்கே மறந்துபோயிருக்கும். "பழமையும் புதுமையும் ஒத்திசைவாக…" என்று ஆரம்பிக்காமல் அவருக்குத் தும்மக்கூடத் தெரியாது என்பதால், வேலை நடக்கும் இடத்தில் எல்லாரும் ஒத்திசைவு சார் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் மனைவியும் விடவில்லை. "நேத்து செஞ்சதையும் இன்னிக்கு செஞ்சதையும் ஒண்ணா கலந்து வெச்சிருக்கேன். ஒத்திசைவா சாப்பிடுங்க." சாப்பிடுவார்.

அவர் ரட்சித்துக்கொண்டிருந்தது ஒரு பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். மூன்று மாடி, கருங்கல் முகப்பு, அரைவட்ட வளைவுகள், நடுவில் ஆனை நுழைகிற மாதிரி ஒரு தேக்குக் கதவு. கோபுரம் கட்டுகிற வேலை வேறொரு ஆபீசுக்கு. இவர் பொறுப்பு முகம் மட்டும். முகத்தில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் இவர் கையெழுத்து வேண்டும். சுத்தம் செய்ய வந்த பெண்மணி, வளைவின் மேல் வழிந்திருந்த புறா எச்சத்தைத் துடைக்கப் போக, "அதைத் தொடாதீங்கம்மா, அது காலத்தின் படலம்" என்று தடுத்துவிட்டார். அந்தம்மா புறாவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

முப்பத்தெட்டு மாடிக் கோபுரம் மூன்று மாடிச் சுவருக்குப் பின்னால் நிற்பது எப்படி இருக்கும் என்கிறீர்கள்? பயில்வான் ஒருவன் கைக்குட்டையால் முழங்காலை மறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஒத்திசைவு அப்படிச் சொல்லமாட்டார். "கவனிச்சீங்களா, கோபுரம் ரெண்டடி பின்னால தள்ளி நிக்குது. பழமைக்கு முன்னால பணிஞ்சு நிக்குது" என்பார். முப்பத்தெட்டு மாடி உயரத்துக்குப் பணிவு!

ஒருநாள் வாட்ச்மேனிடம் மாட்டிக்கொண்டார்.

"இங்க பழசும் புதுசும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது, தெரியுமாப்பா?"

"அப்படியா சார்? நான் நாள் பூரா இங்கதான் உக்காந்திருக்கேன், ஒரு சத்தமும் கேட்டதில்லையே."

"காதுக்குக் கேக்காது. கண்ணுக்குக் கேக்கும்."

வாட்ச்மேன் மரியாதைக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "சண்டை மாதிரி இருக்கு சார்" என்றார்.

சண்டைதான். பழைய கட்டடத்தில் ஒரு மாடிக்குப் பதினாறு அடி. புதிய கோபுரத்தில் ஒரு மாடிக்கு ஒன்பது. ஆகவே புதுத் தளம் ஒவ்வொன்றும் பழைய ஜன்னலின் வயிற்றில் போய் இடித்தது. அப்படியே விட்டால், தெருவில் போகிறவர்களுக்கு ஒரே ஜன்னலில் மேலே ஒருவர் செருப்பும் கீழே இன்னொருவர் வழுக்கையும் தெரியும். என்ன செய்வது? கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புச் சாயம் அடித்து, ஜன்னல்களை எல்லாம் சும்மா ஜன்னலாக்கிவிட்டார். வரைபடத்தில் அவற்றின் மேல் 'பொ.ஜ.' என்று எழுதினார். பொய் ஜன்னல். முழுச் சொல் எழுதுவது குமாஸ்தா வேலை என்பது அவர் கொள்கை. நாற்பத்திரண்டு ஜன்னல், நாற்பத்திரண்டு பொ.ஜ.

கதவுக்கு வந்தபோது மட்டும் அவர் பேனா கொஞ்சம் நின்றது. ஏனென்றால் அந்தக் கதவு அக்காவுக்காக.

அக்கா அவரைவிடப் பதிமூன்று வயது மூத்தவர். அம்மா போன பிறகு இவரைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குத் தள்ளி, காலேஜ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவர். அந்த எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டர். "நம்பர் ப்ளீஸ்" என்று ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொன்னவர். ஆளின் முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்தே, இவர் கடன் கேட்கப் போகிறார், இவர் பெண்டாட்டிக்குத் தெரியாமல் பேசுகிறார், இந்தப் பிள்ளை அழுதுவிட்டுப் பேசுகிறது என்று எடை போடுகிறவர்.

முப்பத்தோரு வருஷமும் அவர் ஒரு தடவைகூட முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை. முன்வாசல் அதிகாரிகளுக்கும் விருந்தாளிகளுக்கும். ஆபரேட்டர் பெண்களுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் இரும்பு கேட். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய், கால் துடைத்து, பிறகு உலகத்தோடு பேசுவார்கள்.

முகப்பு வேலை கிடைத்த அன்றைக்கு ஒத்திசைவு ஓடிப்போய்ச் சொன்னது இதைத்தான்:

"அக்கா, எக்ஸ்சேஞ்ச் கதவு அப்படியே இருக்கப்போகுது. திறப்பு விழாவுல முதல் ஆளா நீ முன்வாசல் வழியா உள்ள போறே."

"எனக்கு முட்டி வலிடா. எத்தனை படி?"

"ஏழு."

"ஏழுதானே. ஏறிடுவேன்." அக்கா வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வீட்டு மாடிப்படியில் தினமும் ஏழு படி ஏறி இறங்கிப் பழக ஆரம்பித்துவிட்டார் என்று அவர் மகள் பிறகு போட்டுக்கொடுத்தாள்.

ஆகவே கதவின் மேல் ஒத்திசைவு அன்பு பொங்க எழுதினார்: 'பொ.க.' பொதுக் கதவு. எல்லாருக்குமான கதவு.

அதன் பிறகு இரண்டரை வருஷம் எதிர்ச்சாரியிலேயே நின்றார். கதவின் முன்பக்கத்துக்குப் பாலிஷ் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பூட்டி, யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். தானும் தொடவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாரா? முகப்பு ரட்சகரிடம் கேட்கிற கேள்வியா இது? சுவருக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அந்த இனத்துக்குத் தெரியாது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், கீல் கிறீச்சிடக் கூடாதே என்று ஒரு எண்ணெய்க் குப்பியோடு சாலையைக் கடந்து வந்தார். கூடவே அங்கே வேலை பார்க்கிற இன்ஜினியர். உறையைக் கிழித்தார்கள். பூட்டைத் திறந்தார்கள். வலது பக்கக் கதவு வெளிப்பக்கமாகப் பெருமூச்சு விட்டுத் திறந்தது.

இரண்டடி தள்ளி, சிமென்ட் சுவர்.

"என்னப்பா இது?"

"சுவர் சார்."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"பின்னாடி லிஃப்ட் கிணறு சார்."

"வாசல்லயா லிஃப்ட் கிணறு வெப்பாங்க?"

"இது வாசலா சார்? பொய்க் கதவுதானே?"

"யார்யா சொன்னது?"

"நீங்கதான் சார்." இன்ஜினியர் போனில் வரைபடத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிசாக்கிக் காட்டினார். "பொ.க."

"பொ.க.ன்னா பொதுக் கதவுய்யா!"

"அப்ப பொ.ஜ.?"

"பொய் ஜன்னல்."

இன்ஜினியர் நல்ல பிள்ளை. சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டில் காது சிவந்துவிட்டது. "சார், நாப்பத்திரெண்டு எடத்துல பொ.ன்னா பொய். நாப்பத்துமூணாவது எடத்துல மட்டும் பொதுன்னு நான் எப்படி சார் கண்டுபிடிக்கிறது? ஜோசியமா பாக்க முடியும்?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"முகப்பைப் பத்திக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கீங்களே சார்."

"இடிக்க முடியுமா?"

"முடியும் சார். மேல முப்பத்தெட்டு மாடியையும் யாராவது கொஞ்ச நேரம் பிடிச்சிக்கணும்."

ஒத்திசைவு படியில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த எண்ணெய் பேன்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பாரம்பரியக் கமிட்டி என்ன சொல்லும் என்ற கவலை அவருக்கு இல்லை. கமிட்டிக்கு ஓர் உரை நிகழ்த்தினால் போதும். வீட்டுப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற இரண்டு முட்டிகளுக்கு என்ன உரை நிகழ்த்துவது?

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? போய் உண்மையைச் சொல்லுவோம். சொல்லுவோமா? சரி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முகப்பு ரட்சகர் என்ன செய்தார் என்றால், ஒரு கறுப்பு வெல்வெட் துணி வாங்கிவரச் சொன்னார். கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டால் போட்டோவில் உள்ளே ஆழமாக ஒரு கூடம் இருக்கிற மாதிரி தெரியுமாம். அக்கா கதவைத் திறப்பார், வாசற்படியில் நிற்பார், போட்டோ எடுப்பார்கள், "வாங்க, இந்தப் பக்கமா" என்று எல்லாரையும் பக்கவாட்டுக் கண்ணாடி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். திட்டம் பிரமாதம். திட்டத்தைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, எல்லாம் ரெடி. நாளைக்குப் பத்து மணிக்குக் கார் வரும்."



"என்னடா, குரல்ல வார்னிஷ் அடிச்சிருக்கே?"

"இல்லக்கா, தொண்டை கட்டியிருக்கு."

"தொண்டை கட்டினா கீழ இறங்கும். உனக்கு மேல ஏறியிருக்கு. சின்ன வயசுல ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைச்சப்பவும் இப்படித்தான் பேசினே."

"வெச்சிடறேன்க்கா" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் விழா. பாரம்பரியக் கமிட்டித் தலைவர் வந்தார். அவருக்குத் தனிச் சித்திரம் எழுதலாம், இடமில்லை. கோபுரத்து முதலாளி வந்தார். இருவர் முகத்திலும் ஒரு பொ.சி. இருந்தது. பொதுச் சிரிப்பா, பொய்ச் சிரிப்பா, வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். தலைவர் மைக்கைப் பிடித்து, இந்தக் கதவு நம் எல்லாரையும் கடந்த காலத்துக்குள் அழைத்துச்செல்லும் என்றார். ஒத்திசைவு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நீலப் புடவையில் வந்தார். மகள் கையை நீட்டியதற்கு வேண்டாம் என்றார். ஒன்று, இரண்டு, மூன்று… ஏழாவது படியில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். கதவின் பித்தளைக் குமிழைத் தடவினார். இழுத்தார். கேமராக்கள் சடசடவென்று அடித்தன. தம்பி கையை நீட்டி, "அப்படியே நில்லுக்கா, இங்க பாரு" என்றார்.

அக்கா நிற்கவில்லை. உள்ளே காலை வைத்து, வெல்வெட்டை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டார். போனதோடு இல்லாமல் கதவையும் தன் பக்கம் இழுத்துச் சாத்திக்கொண்டார். விரல் அகலத்துக்குத்தான் இடைவெளி.

கூட்டம் காத்திருந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒத்திசைவு கதவருகே ஓடினார். இடுக்கில் வாயை வைத்து, "அக்கா… அக்கா…" என்றார்.

உள்ளேயிருந்து, முப்பத்தோரு வருஷம் தேய்ந்து மெருகேறிய, ஊரே அறிந்த அந்தக் குரல் வந்தது: "நீங்கள் அழைத்த லைன் பிஸியாக இருக்கிறது. தயவுசெய்து காத்திருக்கவும்."

வாட்ச்மேனுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஒத்திசைவுக்கு வேறு வழி தெரியவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்து, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, அவரும் நுழைந்துவிட்டார்.

இரண்டடி இடம். ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் சுவர், நடுவில் அக்காவும் தம்பியும். முகப்புக் கல்லின் பின்பக்கத்தை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். கரடுமுரடாக, சுண்ணாம்பு பிதுங்கி, இரும்புக் கவ்விகளோடு, குளிக்காத பிள்ளை மாதிரி இருந்தது. சுவருக்குப் பின்னால் லிஃப்ட் விர்ரென்று மேலே போகிற சத்தம்.

"அந்தப் பக்கம் என்னடா?"

"லிஃப்ட்."

"என் ஸ்விட்ச்போர்டு இருந்த எடம் அது. ஏழாம் நம்பர் சீட்டு." அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துக் கேட்டார். "இப்ப முப்பத்தெட்டு மாடி ஏறி இறங்குதா? பரவாயில்ல, எனக்கு வராத ப்ரமோஷன் என் சீட்டுக்கு வந்திருக்கு."

"நான் தப்புப் பண்ணிட்டேன்க்கா. பொதுக் கதவுன்னு முழுசா எழுதியிருக்கணும்."

"நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. போட்டோவுலயாவது நல்லா இருக்கட்டும்னுதான் இந்தத் துணி…"

"போட்டோவுக்கா ஏழு படி ஏறினேன்?" என்றார் அக்கா. ஒத்திசைவு மூக்கை உறிஞ்சினார். "அழாதே. இருக்கிறதே ரெண்டடி. இதுல நீ வேற மூக்கைச் சிந்தினா நான் எங்க போறது? இங்க பாரு."

திறக்காத இடதுபக்கக் கதவின் உள்முகத்தில், தூசிக்கு அடியில், ஒரு தகரத் தகடு. அக்கா புடவைத் தலைப்பால் துடைத்தார். எழுத்து தெரிவதற்கு முன்பே மனப்பாடமாகச் சொன்னார்: "ஆபரேட்டர்கள் இவ்வழியே வெளியே செல்லக் கூடாது. உத்தரவு." சிரித்தார். "உனக்கு இந்தக் கதவோட மூஞ்சிதான் தெரியும். எனக்கு முதுகுதான்டா தெரியும். முப்பத்தோரு வருஷம் என் சீட்டுலேர்ந்து பார்த்தது இதைத்தான். நீ முன்பக்கத்துக்குப் பாலிஷ் போட்டுப் போட்டு அதை வேற ஆளாக்கிட்டே. இந்தப் பக்கத்தை யாரும் தொடல. அப்படியே இருக்கு."

"அதையும் வெளிய ஒரு பலகையில எழுதி வெச்சிடவா அக்கா?"

"ஒண்ணும் எழுத வேண்டாம். சும்மா இரு." அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "உள்ள வரணும்னு வந்தேன். இதுக்கு மேல உள்ளேன்னு ஒண்ணு இல்ல. சரி. வெளிய போறேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு, உத்தரவை மீறி, தலையை நிமிர்த்தி, முன்வாசல் வழியாக ஆபரேட்டர் ஒருத்தர் வெளியே வந்தார்.

கூட்டம் கைதட்டியது. என்னவென்று புரியாமல்தான். புரியாததற்குத்தான் நன்றாகத் தட்டுவார்கள். பின்னாலேயே சுண்ணாம்புத் தலையோடு வந்த ஒத்திசைவு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு முன்னால் 'ஒத்திசைவு' என்ற சொல் இல்லாமல் பேசினார்: "மன்னிக்கணும். இந்தக் கதவுக்குப் பின்னால ஒண்ணும் இல்ல. சுவர்தான். என் தப்பு."

"என்ன அடக்கம்! என்ன தத்துவம்!" என்று தலைவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாவம், மனிதர் ஒரே ஒரு உண்மை பேசினார். அதையும் முகப்பில் மாட்டிவிட்டார்கள்.

விருந்துக்குப் போகவேண்டுமே? வழி ஒன்றுதான். பக்கத்துச் சந்து. பழைய இரும்பு கேட் இருந்த இடத்தில்தான் இப்போது கண்ணாடி வாசல். அக்கா ஏழாவது படியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டே கையைக் காட்டினார்: "அந்தப் பக்கம் போங்க சார். ஆமா, சந்துலதான். வரிசையா போங்க. மழை பேஞ்சா செருப்பைக் கையில எடுத்துக்கணும்." தலைவர் போனார், முதலாளி போனார், போட்டோக்காரர் போனார். தம்பி மட்டும் போகவில்லை. ஆறாவது படியில் உட்கார்ந்து அக்காவின் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். 'நுழைய முடியாத கதவு' என்ற கலைநயத்துக்காக அந்த வருஷமே அவருக்கு ஒரு பரிசு கிடைத்தது. வேண்டாம் என்றாரா? ஹூம். வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். ஆனால் இப்போது வரைபடத்தில் கதவு வருகிற இடத்தில், 'பொதுக் கதவு, உண்மையாகவே திறக்க வேண்டும், மனிதர்கள் போவார்கள்' என்று குமாஸ்தா மாதிரி முழுசாக எழுதுகிறார்.

நல்லவேளை, நாம் முகப்பு ரட்சகர் இல்லை என்று நீங்கள் கால் நீட்டிக்கொள்வது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். வாசல் மணி அடிக்கிறது. நாற்காலி மேல் மலையாகக் கிடக்கிற துணியை ஒரே அள்ளாக அள்ளி உள் அறையில் வீசி, அந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தி, சண்டை போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் "மூஞ்சியை மாத்துங்க" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து, "அடடே, வாங்க வாங்க, வீடு கொஞ்சம் அலங்கோலமா இருக்கு" என்கிறீர்களே, அந்த அறைக்குள் எத்தனை மாடி ஏறிக்கொண்டிருக்கிறது?

போங்கள், மணி அடித்தவர் நின்றுகொண்டே இருக்கிறார். உங்கள் அக்காவாக இருந்தாலும் இருக்கும்.